முதல் அடி யாருடையது?

என் அன்புத் தம்பி சாமு,

சாமி இல்லை என்று ஊரெல்லாம் வாதாடிய ஒருவனைச் சாமு, சாமு என்று கூப்பிடும் கொடுமை எனக்குத்தான் வாய்த்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சாமுவேல். உப்பலில் நீ வேலை பார்த்த கம்பெனியில் சாம் ஆகிவிட்டாய். எனக்கு நீ எப்போதும் சாமுதான், போன பிறகும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.

செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதை நீ கேலி செய்வாய். "படிக்க ஆளில்லாத எடத்துக்கு எதுக்குக்கா எழுதற?" என்பாய். படிக்க ஆள் இருக்கிறதடா. எழுதி முடித்ததும் இதை நம் சபையின் வாட்ஸப் குழுவிலும், குகட்பள்ளியில் நீ போய்க்கொண்டிருந்த நாத்திகக் கூட்டத்தின் குழுவிலும் போடப்போகிறேன். ஊர் அறியச் சொல்லிவிட்டால் நாளைக்கு நான் பின்வாங்க முடியாது. எனக்கு என்னைத் தெரியும், அதனால்தான் இந்த ஏற்பாடு.

நாளை உன் வழக்கில் என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். பக்கத்து வீட்டு எட்வின் உன்னை அடித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். அவன் மேல் கொலை வழக்கு. ஜாமீனில் வெளியே வந்து போலாரத்தில் நம் தெருவிலேயே நடமாடுகிறான். காலையில் நான் காபிப்பொடி வாங்கும் கடையில் அவனும் பால் வாங்குகிறான். நான் போனால் அவன் தள்ளி நிற்கிறான், அவன் நின்றால் நான் திரும்பி வந்துவிடுகிறேன்.

உனக்குத் தெரியாதவனா எட்வின்? நம் சபையில் பாட்டு நடத்துகிறவன். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாம் இருவரும் அசந்து தூங்கிய வேளையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தவன். உன் பெண்டாட்டி லதாவைக் கொரோனா கொண்டுபோனபோது பக்கத்தில் வர எல்லோரும் பயந்தார்கள், உன் பெண்ணுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வாசலில் வைத்துவிட்டுப் போனது அவன் வீட்டார்தான். அந்தக் கைதான் உன் மண்டையில் இறங்கியது. இதை எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை.

சபையில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அவன் ஜெபப் பிள்ளை. தானா செய்யற ஆளே இல்ல. ஏதோ தூண்டுதல்" என்கிறார்கள். தூண்டுதல் என்று சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். தெய்வ பயம் இல்லாத வீட்டில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்பது அதன் பொருள். செத்தவன் நீ, ஆனால் குற்றம் கொஞ்சம் உன் மேலும் ஒட்டிக்கொண்டது.

உன் கூட்டத்தார் மட்டும் சும்மா இருந்தார்களா? உன் சிநேகிதன் ராகவன், அந்தக் கோயம்புத்தூர்ப் பையன், ஐடி கம்பெனிக்காரன், நல்லவன்தான். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தவன். அவன் உன் படத்தைப் போட்டு, மதவெறிக்குப் பலியான பகுத்தறிவாளர் என்று அச்சடித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். மதவெறியா? நீயும் எட்வினும் தண்ணீருக்காகச் சண்டை போட்டீர்கள். அதைச் சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"அக்கா, எட்வின் நம்ம சாமை எப்பவாச்சும் சாத்தான்னு சொல்லிருக்காரா? யோசிச்சுப் பாருங்க. நீங்க அத மட்டும் கோர்ட்டுல சொன்னீங்கன்னா கேஸ் நின்னுரும்."

யோசித்துப் பார்க்க என்ன இருக்கிறது? அந்தக் காலைதான் என் கண்ணை விட்டு நகர மாட்டேன் என்கிறதே.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். மே மாதம். குழாயில் மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர் வரும் முறை நாள். எட்வின் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறான், நம் வீட்டில் வெறும் காற்றுதான் வருகிறது. நீ ஒரு கன்னத்தில் சவர நுரையோடு கீழே இறங்கிப் போனாய். நான் குடத்தோடு படிக்கட்டில் நின்றேன். எட்வின் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பைப் ரெஞ்சை வைத்து மோட்டாரின் இணைப்பை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"கைக்கு எட்வின், எதுக்கு இப்டி பண்றே? ஊர்த் தண்ணி பூரா உனக்கேவா?"

"நக்கோ சாமு. காலங்காத்தால வேணாம். போயி மூஞ்சக் கழுவு."

"கழுவத் தண்ணி விட்டாத்தானே?"

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மாதம் ஒருமுறை நீங்கள் போடும் சண்டைதானே. அப்புறம் நீ மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினாய். அவன் எழுந்தான். அப்போது அவன் சொன்னதையும் அதற்கு நீ செய்ததையும் இன்றுவரை நான் வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

"ஜெபம் இல்லாத வீடு. அதான் லதா போயிட்டா. அடுத்து யாரோ" என்றான்.

நீ அறைந்தாய். பளாரென்று, அவன் கண்ணாடி தெறித்து விழும்படி. அடுத்த கணம் ரெஞ்சு உயர்ந்தது. ஒரே ஒரு அடி. நீ சவர நுரையோடு தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் சாய்ந்தாய்.

அதன் பிறகும் ஒன்று உண்டு. அவன் ஓடவில்லை. உன்னைத் தூக்கித் தன் காரில் போட்டதும் அவன்தான். பின்சீட்டில் உன் தலை என் மடியில். அவன் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு வழியெல்லாம் "ஏசப்பா, ஏசப்பா" என்று அலறினான். ஆஸ்பத்திரி வாசலில், "நான்தான் அடிச்சேன், காப்பாத்துங்க" என்று முதலில் கத்தியவனும் அவனே. இப்போது அவனுடைய வக்கீல் வேறு விதமாகப் பேசச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

போலீஸில் என் வாக்குமூலத்தைத் தெலுங்கில் எழுதினார்கள். இரண்டு பேருக்கும் பேச்சு முற்றியது, அப்புறம் அடித்தான் என்றேன். நடுவில் என்ன ஆனது என்று எழுதியவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'கொடவ' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தெலுங்கில் சண்டைக்கு அதுதான் பெயர். எட்வின் சொன்ன சொல்லும் உன் அறையும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டன. எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

அந்த வசதி போன வாரத்தோடு போயிற்று. சம்மன் வந்த மறுநாள் போதகரின் மனைவி, நம் ஐயரம்மா, போன் செய்தார்.

"பிரேமாக்கா, சாட்சி சொல்றீங்கல்ல?"

"சொல்லாம இருப்பேனா? கட்டாயம் சொல்றேன்" என்றேன்.

"ஸ்தோத்திரம்! ஐயர் கேட்டா எவ்ளோ சந்தோஷப்படுவார்! மனச தைரியமா வெச்சுக்குங்கக்கா. ஆண்டவர் வார்த்தையத் தருவார்."

அரசு வக்கீலை விட ஐயரம்மா நம் பக்கம் உறுதியாக நிற்கிறாரே என்று பூரித்துப்போனேன். சபை உன்னைக் கைவிடவில்லை என்று நினைத்தேன். நம் சபையில் சாட்சி என்றால் என்ன என்பது பிறந்ததிலிருந்து அங்கே உட்கார்ந்த எனக்கு மறந்தே போயிற்று. சம்மன் கையில் இருந்தால் காதில் விழுவதெல்லாம் கோர்ட்டாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

நேற்று ஞாயிறு. இரண்டாவது பாட்டு முடிந்ததும் ஐயர் மைக்கில், "மன்னிப்பின் மகத்துவத்தைக் குறித்து நம் சகோதரி பிரேமா இப்போது சாட்சி சொல்வார்கள்" என்றார். ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபை முன் எழுந்து சொல்வதைத்தான் இங்கே சாட்சி என்பார்கள். சபையே திரும்பி என்னைப் பார்க்கிறது. எட்வின் தன் மனைவியோடு முன்வரிசையில் இருக்கிறான், தலை நிமிரவில்லை. அவன் மனைவி அதற்குள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உன் மகளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, எனக்குத் துணையாக வருகிறாள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

எழுந்து போனேன். போகாமல் எப்படி? மைக்கைக் கையில் வாங்கியும் விட்டேன். கோபம் கொதித்தது. என் தம்பியின் பிணத்தின் மேல் நின்றுகொண்டு இவர்கள் எனக்கு மன்னிப்புப் பாடம் எடுக்கப் பார்க்கிறார்களே! ஆனால் வாயில் வந்தது இதுதான்: "ஐயரம்மா கூப்பிட்டது கோர்ட் சாட்சிக்குன்னு நெனச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

மன்னிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் பின்வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள். அதைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து ஆமென். நான் எட்வினை மன்னித்துவிட்டதாக எண்ணி ஒருவர் கைதட்டவும் செய்தார். நீ அங்கே இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நான் மைக்கை மேசையில் வைத்துவிட்டு மதியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே எட்வின் வந்துவிட்டான். என்னோடு பேசக்கூடாது என்பது அவன் ஜாமீனின் நிபந்தனை. அவன் மனைவி சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், அவன் கேட்கவில்லை. ஆள் பாதியாக இளைத்திருக்கிறான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. மன்னிக்கக்கூட நான் கேக்கல. அவன் மொதல்ல அறைஞ்சான்ல? நீங்க பாத்தீங்கல்ல? அத மட்டும் சொல்லுங்கக்கா. பொய் சொல்லச் சொல்லலியே நானு."

"நீ சொன்னதயும் சேத்துச் சொல்லட்டுமா எட்வின்? லதாவப் பத்திச் சொன்னத?" என்று கேட்டேன்.

அவன் முகம் சாம்பலாகிவிட்டது. அவனுக்கு அது ஞாபகமே இல்லையோ, அல்லது நான் மறந்திருப்பேன் என்று நம்பியிருந்தானோ, தெரியவில்லை. "ஹவ்க்கா. சொல்லுங்க" என்றான். ஆமாம் என்று ஒத்துக்கொண்டுவிட்டான். பிறகு அவன் மனைவி அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

இதில் என்ன சிக்கல் என்று உனக்குப் புரிகிறதா? ராகவன் ஏங்குகிற சொல் என்னிடம் இருக்கிறது. ஜெபம் இல்லாத வீடு என்று எட்வின் சொன்னதைச் சொன்னால் அவன் சுவரொட்டி பாதி உண்மையாகிவிடும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்து என்ன நடந்தது என்று கேட்பார்கள், அறையையும் சொல்ல வேண்டும். அறையைச் சொன்னால் சபை தேடுகிற தூண்டுதல் கிடைத்துவிடும். ஆனால் எதற்கு அறைந்தான் என்று கேட்பார்கள், எட்வின் சொன்னதையும் சொல்ல வேண்டும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதும் கூடவே வருகிறது. இரண்டையும் விழுங்கிவிட்டு, தண்ணீர்ச் சண்டையில் அடித்தான் என்று நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது. அவன் கொலைகாரனாகவே உள்ளே போவான்.

அறையைச் சொன்னால் என்ன ஆகும் என்று சட்டம் தெரிந்த ஒருவரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ஆத்திரமூட்டப்பட்டுத் திடீரென்று நடந்ததாகத் தீர்மானித்தால் அது கொலையாகாத மரணமாகிவிடுமாம், தண்டனை குறையுமாம். கொலையாகாத மரணமாம்! உன்னைக் குழியில் இறக்கியவளிடம் சொல்கிற வார்த்தையா இது? சில வருஷத்தில் அவன் திரும்பி வந்து மறுபடியும் அதே குழாயில் தண்ணீர் பிடிப்பான். நானும் மதியும் பக்கத்தில் குடத்தோடு நிற்க வேண்டும்.

நாம் இருவரும் எத்தனை முறை இதைப் பேசிச் சண்டை போட்டிருக்கிறோம்! தெய்வ பயம் இல்லாவிட்டால் மனுஷன் கையைப் பிடிப்பது யார் என்று நான் கேட்பேன். ஜெயிலுக்குப் போய்ப் பார், உள்ளே இருக்கிறவன் எல்லாம் பக்தன் என்று நீ சொல்வாய். போன வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குப் போனபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். போலீஸ்காரர்கள் கூட்டிவந்த கைதிகளின் கையில் விலங்கு, விலங்கை ஒட்டி மந்திரித்த கயிறு. ஒருவன் கழுத்தில் சிலுவை, ஒருவன் தலையில் தொப்பி, ஒருவன் நெற்றியில் குங்குமம். பார்த்தாயா என்று நீ காதருகே சொல்வது போல் இருந்தது.

ஆனால் சாமு, அவர்களைப் பிடித்துவந்த போலீஸ்காரர்களின் கையிலும் அதே கயிறு இருந்தது. அடிபட்டு வந்து பெஞ்சில் காத்திருந்தவர்களின் கழுத்திலும் அதே சிலுவை இருந்தது. இந்த ஊரில் எல்லோரும் எதையாவது கும்பிடுகிறார்கள், அப்படியிருக்க ஜெயிலில் மட்டும் கும்பிடாதவனா இருப்பான்? உன் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போயிற்று. என் கணக்கோ நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஏற்கெனவே அடிபட்டுவிட்டது. அன்று காலை ஆறு மணிக்கு எட்வின் ஜெபம் செய்யும் குரல் நம் சமையலறை வரைக்கும் கேட்டதே.

அவன் லதாவைப் பற்றிச் சொன்னது விசுவாசத்தில் வந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபத்தில் கைக்கு அகப்பட்ட ரெஞ்சைப் போல வாய்க்கு அகப்பட்டதையும் எடுத்து வீசினான். நீ தவறாமல் கோயிலுக்கு வருகிறவனாக இருந்திருந்தால் வேறு எதையாவது எடுத்திருப்பான். உன் சம்பளத்தையோ சாதியையோ இழுத்திருப்பான். ஆனாலும் அந்தச் சொல்லை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தது யார்? சபையில் வருஷக்கணக்காக உன்னைப் பற்றி அப்படிப் பேசியவர்கள்தானே? இந்தக் கேள்வியை நேற்று மைக்கில் கேட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை. இன்று கேட்கிறேன்.

ராகவனையும் ஒன்று கேட்கிறேன். மனிதனுக்கு அறிவு போதும், நல்லவனாக இருக்கக் கடவுள் தேவையில்லை என்று சாமு சொன்னானே, நானும் பாதி ஒப்புக்கொண்டேனே, அந்த அறிவு ஏன் அவன் கையைப் பிடிக்கவில்லை? அவனை நான் குற்றம் சொல்லவில்லை. செத்த பெண்டாட்டியைப் பற்றி ஒருவன் அப்படிச் சொன்னால் நானே குடத்தால் அடித்திருப்பேன். இதைத்தான் சொல்லவருகிறேன். அந்த நொடியில் நம்பினவனும் நம்பாதவனும், சாமு, ஒரே மாதிரிதான் இருந்தீர்கள். ஒருவன் கையில் இரும்பு இருந்தது, ஒருவன் கை வெறுமையாக இருந்தது. நீ செத்ததும் அவன் பிழைத்ததும் அதனால்தான்.

அப்படியானால் கடவுள் எதற்கு என்கிறாயா? தெரியவில்லையடா. அடித்தவன் ஓடாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினானே, அது அவன் கடவுளா, அவன் சுபாவமா? கடவுளே இல்லை என்கிற ராகவன் மயங்கி விழும்வரை ரத்தம் கொடுத்தானே, அதற்கு என்ன பெயர்? எனக்குப் பதில் வேண்டும். பதில் சொல்ல நீ இல்லை, ஐயர் சொல்வது போதவில்லை.

இப்போது நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டுக்கு அல்ல, உன் மகளுக்குத்தான் பயப்படுகிறேன்.

எட்வின் ஸ்கூட்டர் அருகே சொன்னதை அவள் கேட்டுவிட்டாள். தமிழில் பேசத்தான் வராது, புரியாமல் இல்லை. திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு என் தோளைத் தட்டி, "அத்தா, நான்னா எட்வின் அங்கிள்னி முந்து கொட்டாரா?" என்று கேட்டாள். அப்பா முதலில் அடித்தாரா என்று. ஹெல்மெட் போட்டிருந்தேன், காதில் விழாதது போல் ஓட்டினேன். அவளுக்குத் தெரியும் எனக்குக் கேட்டது என்று. வீட்டுக்கு வந்தும் மறுபடி கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ராகவன் கொடுத்த உன் படத்தை அவள் தன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். யார் மேலும் கை நீட்டாத அப்பா என்று சிநேகிதிகளிடம் சொல்லிக்கொள்கிறாள். நாளை அவளும் கோர்ட்டுக்கு வருகிறாள், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள். நீ அறைந்ததை அவள் முன்பின் தெரியாத ஒரு வக்கீலின் வாயிலிருந்து, தெலுங்கில், நாலு பேர் நடுவில் கேட்கக்கூடாது.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இன்று சாயங்காலம் அவள் காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் முதலில் அவளிடம் சொல்வேன். அவள் சாப்பிடட்டும் என்று தள்ளிப்போட மாட்டேன். அதன் பிறகுதான் இந்தக் கடிதம் இரண்டு குழுவுக்கும் போகும்.

நாளை கூண்டில் ஏறி, நான் நம்புகிற கடவுளின் பேரில்தான் சத்தியம் செய்வேன். அதில் உனக்கு இஷ்டமில்லை என்று தெரியும், போடா. லதாவைப் பற்றி எட்வின் என்ன சொன்னான் என்று சொல்வேன். முதல் அடி யாருடையது என்று கேட்பார்கள். என் தம்பியுடையது என்று சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். அப்புறம் அவர்கள் என்னை இறங்கச் சொல்வார்கள். இறங்கமாட்டேன். அந்த அடி வாங்கியவன் இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறான், அடித்தவன் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. மதி வந்துவிட்டாள்.

கடவுள் உண்டென்று இன்னும் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்,
உன் அக்கா பிரேமா